அப்பாவுக்குப் பேச்சு போன கதை

"நல்லா யோசிச்சுச் சொல்லு. உனக்கு இதுவரைக்கும் என்ன கஷ்டம் வந்திருக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

மகள் யோசித்தாள். சாப்பாட்டு மேஜையில் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இப்பதான் வந்திருக்கு" என்றாள்.

"விளையாடாதே. கட்டுரை நாளைக்குள்ள போய்ச் சேரணும்."

"நான்தான் எழுதிட்டேனேம்மா."

எழுதித்தான் வைத்திருந்தாள். தூக்கக் கலக்கத்தில் தப்பான பஸ்ஸில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், டிரைவர் சாப்பிட்டு முடிக்கும் வரை அவருடைய பையைக் காவல் காத்து, அதே பஸ்ஸில் திரும்பி வந்த கதை. டாக்டரம்மா அதை ஒரு வரி விடாமல் படித்திருந்தார். இரண்டு இடத்தில் சிரித்தும்விட்டார். சிரிப்பு வந்ததால்தான் அவருக்குப் பயம் வந்தது.

"இதுல கஷ்டம் எங்கே இருக்கு?"

"திரும்பி வரும்போது உக்கார இடம் கிடைக்கலை."

டாக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களுக்காக ஒரு பெரிய அறக்கட்டளை நடத்தும் எழுத்துப் போட்டி அது. தலைப்பு, 'என்னைச் செதுக்கிய துயரம்'. அதில் பரிசு வாங்கினால் நல்ல கல்லூரிகளின் கதவு தானாகத் திறக்கும் என்று கல்லூரிச் சேர்க்கை ஆலோசகர் சொல்லியிருந்தார்.

அந்த ஆலோசகரிடம் முதல் தடவை போனபோது, அவர் மகளுடைய மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். டாக்டரம்மா பல் டாக்டர். பல்லின் எக்ஸ்ரேயைப் பார்த்து நோயாளிகளிடம் அவர் பிதுக்குகிற அதே பிதுக்கல். அதற்குள் எவ்வளவு வியாபாரம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் பயந்துவிட்டார்.

"மார்க் எல்லார்கிட்டயும் இருக்கு டாக்டர்" என்றார் ஆலோசகர். "காலேஜ்ல இப்பல்லாம் மார்க்கைப் பாக்கறதில்லை, மனுஷியைப் பாக்கறாங்க. மனுஷின்னா ஒரு கதை இருக்கணும். கதைன்னா வாழ்க்கையில நல்லா அடி வாங்கியிருக்கணும்."

"நாங்க இவளை அடிச்சதே இல்லை சார்."

"அதான் பிரச்சினை" என்றார் ஆலோசகர்.

அன்றிலிருந்து டாக்டரம்மா வீட்டுக்குள் ஒரு துயரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அகப்படவில்லை. மகளுக்குச் சின்ன வயதில் அம்மை கூடச் சரியாகப் போடவில்லை. மாமனாரும் மாமியாரும் வெளியூரில் திடகாத்திரமாக இருந்தார்கள். கட்டுரையில் அவர்களைச் சாகடித்தால், பேத்தி பரிசு வாங்குவதைப் பார்க்க முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். சொந்த அப்பா அம்மாவைச் சாகடிக்க மனசு வரவில்லை. வேலைக்காரம்மா கூட ஒரு நாள் லீவு போட்டதில்லை.

சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவர் கணவர் ஒருவர்தான்.

அவர் கட்டட வரைபடம் போடுகிறவர். ஒரு கட்டுமானக் கம்பெனிக்காக, வீட்டின் பின் அறையில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் குடியிருக்கப் போகும் வீடுகளை வரைந்துகொண்டே இருப்பார். மாடிப்படியை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று கேட்டால் நாலு வார்த்தை பேசுவார். மற்றபடி "ம்" ஒன்று போதும் அவருக்கு. ஒரு "ம்"மை இழுத்தும் குறுக்கியும் ஒரு குடும்பத்தையே இத்தனை காலம் நடத்தி வந்திருக்கிறார்.

அவரைக் கட்டுரையில் சாகடிக்க முடியாது. பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுகிறவரே அவர்தான். எனவே டாக்டரம்மா அவருடைய பேச்சை மட்டும் எடுத்துவிடுவதென்று முடிவு செய்தார்.

பல் டாக்டராக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. எதிரே இருப்பவர் வாயைத் திறந்து வைத்திருப்பாரே ஒழிய, குறுக்கே பேச மாட்டார். மறுநாள் காலை கிளினிக்கில், கடைவாய்ப் பல் வலியோடு வந்திருந்த ஒரு பெரிய மனிதரின் வாய்க்குள் வேலை பார்த்துக்கொண்டே, டாக்டரம்மா தான் எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

"விபத்து நடந்த அன்றே அப்பாவின் குரல் போய்விட்டது. எனக்குத் தாலாட்டுப் பாடிய குரல். அழுவதற்கு எனக்கு நேரமில்லை. நான் சைகை மொழி கற்றுக்கொண்டேன். அன்று முதல் அப்பாவின் குரல் என் விரல்களில் குடியிருக்கிறது."

நோயாளியின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"பாத்தியா, அழறார்" என்றார் டாக்டரம்மா, பக்கத்தில் நின்ற நர்ஸிடம்.

"மரத்துப் போக ஊசி போட மறந்துட்டீங்க மேடம்" என்றாள் நர்ஸ்.

கட்டுரை அன்று மாலையே மகளின் பெயரில் போய்ச் சேர்ந்தது. போன பிறகுதான் கணவரிடம் விஷயத்தைச் சொன்னார் டாக்டரம்மா. அவர் அளவுகோலைக் கீழே வைத்தார்.

"எனக்கு என்ன ஆச்சுன்னு எழுதியிருக்கே?"

"ஒண்ணும் ஆகலைங்க. பேச்சு மட்டும் போயிடுச்சு."

"எப்படிப் போச்சு?"

"லாரி."

அவர் மனைவி கையிலிருந்த பிரதியை வாங்கிப் படித்தார். "நான் தாலாட்டுப் பாடினேனா?"

"பாடியிருந்தா நல்லா இருந்திருக்கும்ல."

"இதெல்லாம் வேண்டாமே" என்றார் அவர். ஆனால் அதற்குள் டாக்டரம்மாவின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. எத்தனையோ ஆயிரம் பேர் எழுதுகிற போட்டி, எங்கே கிடைக்கப் போகிறது என்று மகள் நினைத்தாள். அவள் அம்மாவின் எழுத்துத் திறமையைக் குறைத்து எடை போட்டுவிட்டாள். இறுதிச் சுற்றுக்குத் தேர்வானவர்களில் அவள் பெயர் முதலில் இருந்தது. கூடவே ஒரு தகவல்: தேர்வானவர்களின் வீட்டுக்கு அறக்கட்டளைச் செயலாளரே நேரில் வந்து ஒரு குறும்படம் எடுப்பார்.

"இப்பவே போன் பண்ணி உண்மையைச் சொல்லிடும்மா" என்றாள் மகள்.

"சொல்லலாம். போட்டியில ஏமாத்தினவன்னு உன் பேர்ல ஒரு குறிப்பு எழுதி வெப்பாங்க. எந்தக் காலேஜும் உன்னைக் கிட்ட சேக்காது."

"எழுதினது நீ."

"எழுதினது யாருன்னு கட்டுரையில போடலையே."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா "ம்" என்றார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அன்றைக்குத்தான் முதன்முறையாக யாருக்கும் விளங்கவில்லை.

செயலாளர் வந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் நெஞ்சில் கை வைத்துக்கொள்கிற மனிதர். கூடவே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒருவர். டாக்டரம்மா கூடத்தில் வெளிச்சம் படுகிற மாதிரி கணவரை உட்கார வைத்து, போன வாரம் வாங்கின புதுச் சட்டையைக் கழற்றச் சொல்லி, பழைய சட்டை ஒன்றை மாட்டியிருந்தார்.

"ஐயா எங்களுக்கு ஏதாவது சொல்வாரா?" என்று கேட்டார் செயலாளர், நெஞ்சில் கை வைத்து.

கணவருக்குக் காதோரம் அரித்தது. சொறிந்துகொண்டார்.

"வாங்க, உக்காருங்கன்னு சொல்றார்" என்றாள் மகள். வேறு வழியில்லை.

செயலாளர் உட்கார்ந்தார். கேமராக்காரர் நல்ல கோணம் தேடிப் பின்னால் போய்ப் போய், பின் அறை வாசலில் ஈரம் காயப் பரப்பியிருந்த வரைபடத்தின் மேல் ஷூவோடு ஏறி நின்றார். அது இரண்டு வார வேலை. கணவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, இரண்டு கையையும் வீசி, தரையைக் காட்டி, தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன சொல்றார்?" என்று கேட்டார் செயலாளர், நெஞ்சில் கை வைத்து.

"நீங்க எல்லாம் வீடு தேடி வந்ததுல ரொம்ப உணர்ச்சிவசப்பட்டுட்டார்" என்றாள் மகள்.

"அழுத்தமான மனுஷர்" என்றார் செயலாளர்.

பேச்சுச் சத்தம் கேட்டு எதிர் வீட்டு அம்மாள் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். எத்தனையோ வருஷமாக எதிர் வீட்டிலேயே இருப்பவள், ஒரு வார்த்தை போதும், எல்லாம் அம்பேல். செயலாளர் விஷயத்தைச் சொல்லி, "இவருக்குப் பேச்சு போனது உங்களுக்குத் தெரியுமில்லையா?" என்று கேட்டார்.

எதிர் வீட்டு அம்மாள் கணவரைக் கனிவோடு பார்த்தாள். "தெரியாம என்ன? நாங்க குடி வந்த நாள்லேர்ந்தே இவர் இப்படித்தான். லிஃப்டுல பாப்பேன், சிரிப்பார். அவ்வளவுதான். பாவம், என்ன ஒரு பொறுமை."

கீழ் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். வாசல் காவலாளியும் சொன்னார். விசாரித்த ஒருத்தருக்கும் துளி சந்தேகம் வரவில்லை. அந்தக் கட்டடத்தில் ஒரு ஆளுக்குக் கூட அவர் பேசிக் கேட்ட ஞாபகம் இல்லை. டாக்டரம்மா உள்ளுக்குள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். கணவர் மட்டும் தன் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

புறப்படும்போது செயலாளர் சாதாரணமாக ஒன்று கேட்டார். "அம்மா, இந்தச் சைகையெல்லாம் வீட்டுக்குள்ள நீங்களே உண்டாக்கிக்கிட்டதா, இல்லை முறையாக் கத்துக்கிட்டதா?"

வீட்டுச் சைகைதான் என்று சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் அன்றே தப்பித்திருக்கும். ஆனால் டாக்டரம்மாவின் காதில் 'முறையா' என்ற சொல் கூடுதல் மதிப்பெண் மாதிரி விழுந்தது.

"முறையாத்தாங்க. வகுப்புக்குப் போய்க் கத்துக்கிட்டா" என்றார்.

செயலாளர் முகம் மலர்ந்தது. "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. பரிசு விழாவில ஐயா மேடையில சைகை மொழியிலயே பேசட்டும். எங்ககிட்ட அதுல கைதேர்ந்த பொண்ணு ஒருத்தி இருக்கா. சபைக்கு அவ மொழிபெயர்த்துச் சொல்லுவா."

கதவு சாத்தியதும் மகள் சொன்னாள். "வகுப்புக்குப் போனேனா நான்? எப்பம்மா?"

டாக்டரம்மா பல் பிடுங்கப் போய்ப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டவர் மாதிரி நின்றார்.

மறுநாள் செயலாளருக்குப் போன் போட்டு, கணவருக்குக் கடுமையான காய்ச்சல், மேடைக்கு வர முடியாது என்றார். செயலாளர் பதறிவிட்டார். ஐயா இல்லாமல் விழாவே இல்லை, அவர் தேறுகிற வரைக்கும் தள்ளி வைக்கிறோம், நாளைக்கே பழக்கூடையோடு பார்க்க வருகிறோம், கேமராவும் வரும் என்றார். டாக்டரம்மா மாலையே மறுபடி போன் போட்டு, காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொல்ல வேண்டியதாயிற்று. இந்த மன உறுதியையும் விழாவில் குறிப்பிடுவதாகச் செயலாளர் வாக்களித்தார்.

ஆலோசகரிடம் யோசனை கேட்டார்.

"பின்வாங்கிடாதீங்க டாக்டர்" என்றார் அவர். "நீங்க விட்டா பரிசு அடுத்த பொண்ணுக்குப் போயிடும். அது கட்டுரையில ரெண்டு பேர் செத்திருக்காங்க. உங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தே ஜெயிச்சிருக்கார். அது சாதாரண விஷயமில்லை. விழாவுக்குத் தலைமையே நீங்க ஆசைப்படற காலேஜோட முதல்வர்தான்."

வேறு வழியில்லாமல் அப்பாவும் மகளும் கம்ப்யூட்டரில் பார்த்துச் சைகை மொழி படிக்க ஆரம்பித்தார்கள். படிக்கப் படிக்கத்தான் அது எவ்வளவு பெரிய மொழி என்பது தெரிந்தது. விரலின் வளைவு, புருவத்தின் ஏற்றம் எல்லாவற்றுக்கும் அதில் பொருள் இருந்தது. வருஷக்கணக்கில் படிக்க வேண்டியது. விழா நெருங்கும்போது அப்பாவுக்கு 'தண்ணீர்', 'நன்றி', 'வலது பக்கம் திரும்பு' ஆகிய மூன்றும் தெரிந்திருந்தன. மகளுக்கு வெட்கமாக இருந்தது. உண்மையாகவே பேச முடியாதவர்கள் உயிரைக் கொடுத்து வளர்த்து வைத்திருக்கிற மொழியில் கைவைத்துவிட்டோமே என்று அம்மாவிடம் சொன்னாள். டாக்டரம்மா, "அதை ஒரு நல்ல வாக்கியமா எழுதி வை, அடுத்த போட்டிக்கு ஆகும்" என்றார்.

இதற்கிடையில் வீட்டு வாசலைத் தாண்டினால் கணவர் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. அதில் ஒரு விசித்திரம் நடந்தது. பேச முடியாதவர் என்று ஆனதும் எல்லோரும் அவரிடம் பேச வந்தார்கள். எதிர் வீட்டு அம்மாள் லிஃப்டிலேயே நின்றுகொண்டு, மருமகள் போன் எடுப்பதில்லை என்று மேலும் கீழும் இரண்டு தடவை போய் வந்து சொன்னாள். கீழ் வீட்டுக்காரர் தன் ரத்த அழுத்தத்தைச் சொன்னார். முன்பெல்லாம் தலையசைப்போடு விட்டவர்கள் இப்போது தோளைத் தொட்டார்கள். கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் வைத்து அழுத்திக் கொடுத்தார்.

ஒரு நாள் மாலை, பின் அறையில் அவர் வரைந்துகொண்டிருக்கும்போது மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க ஆரம்பத்துலயே வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்மா."

"எப்ப?"

"உங்கம்மாவுக்குப் போன் வந்துது. அப்ப."

மகள் அவருடைய பென்சிலை எடுத்து உருட்டினாள். கொஞ்சம் கழித்து, "நான் எழுதின பஸ் கதையை நீங்க படிக்கவே இல்லையே" என்றாள்.

"படிச்சேன். அந்த டிரைவர் பையில என்ன இருந்துதுன்னு கடைசி வரைக்கும் நீ சொல்லவே இல்லை. அதுதான் நல்லா இருந்துது."

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் நினைவில் அது அவர் பேசிய மிக நீளமான பேச்சு. அதில் மாடிப்படியே இல்லை.

"மேடையில என்ன பண்ணப் போறீங்க?"

"உண்மையைச் சொல்லிடலாம்னு இருக்கேன்."

"மேடையில நீங்க வாயைத் திறந்து பேசினா, அதிசயம் நடந்துடுச்சுன்னு அதுக்கும் ஒரு பரிசு குடுத்துடுவாங்கப்பா."

"வாயால சொல்லலை. கையாலயே சொல்லிடறேன். அந்தப் பொண்ணுக்குத்தான் தெரியுமே, அவ புரிஞ்சுக்கிட்டுச் சபைக்குச் சொல்லட்டும்" என்றார் அப்பா.

விழா ஒரு பெரிய பள்ளியின் அரங்கத்தில் பிற்பகல் நடந்தது. கீழே முன் வரிசைகளில் பெற்றோர்கள். ஒவ்வொருவர் முகத்திலும் தூக்கமில்லாத எழுத்தாளரின் களை. அவர்களுடைய பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாத்தாவை இழந்தவள், தம்பியை இழந்தவன், பார்வை மங்கிய நாய்க்குட்டியை வளர்த்தவள் என்று ஒவ்வொருவராக மேடையேறினார்கள். தாத்தாவை இழந்தவளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த முதியவர் பலமாகக் கைதட்டினார்.

முதல் பரிசு அறிவித்தார்கள். டாக்டரம்மா, கணவர், மகள் மூவரும் மேடைக்குப் போனார்கள். மொழிபெயர்க்கும் பெண் அங்கே காத்திருந்தாள். மூக்குக் கண்ணாடி போட்ட கல்லூரி மாணவி. கணவரைப் பார்த்து விரல்களால் படபடவென்று ஏதோ செய்தாள். கணவர் 'தண்ணீர்' என்று காட்டினார். அவள் தலையாட்டிவிட்டு மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா மேடையிலிருந்து இறங்கும் வழியைப் பார்த்தார். கைதேர்ந்தவள் என்றார்களே, ஒரு நிமிஷத்தில் குட்டு உடையப் போகிறது.

கணவர் ஒரு அடி முன்னால் வந்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இத்தனை பேர் தன்னையே பார்ப்பதை உணர்ந்தார். பரிசுக் கோப்பையைக் காட்டி, வேண்டாம் என்று இரண்டு கையையும் வேகமாக ஆட்டினார். மகளைக் காட்டினார், எழுதுவது போல விரலை அசைத்தார், இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு மனைவியைக் காட்டி, எழுதுவது போல அசைத்து, ஆமாம் என்றார். தன் தொண்டையைத் தொட்டு, கட்டை விரலை உயர்த்தி, நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டினார். கடைசியில் சபையைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். சின்னக் குழந்தைக்குக் கூட விளங்கியிருக்கும்.

கண்ணாடிப் பெண் அவருடைய கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"இந்தக் கோப்பை எனக்குப் பெரிசில்லைங்கறார். என் மகள் எழுதினது வெறும் எழுத்து இல்லை, அவளுக்கு எழுதக் கத்துக்குடுத்தது இதோ நிக்கற அவ அம்மாங்கறார். என் தொண்டை போனா என்ன, என் குரல் நல்லாத்தான் இருக்கு, அது என் மகளா இங்கே நிக்குதுங்கறார். உங்க எல்லாரையும் கைகூப்பி வணங்கறேங்கறார்."

அரங்கம் எழுந்து நின்றது. கல்லூரி முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணவர் திகைத்துப்போய், இல்லை இல்லை என்று இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார்.

"புகழ்ச்சி வேண்டாங்கறார்" என்றாள் அந்தப் பெண். கைதட்டல் கூடியது.

மகளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. மைக்கை அந்தப் பெண்ணின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இந்தக் கட்டுரையில ஒரு வரி கூட என்னோடது இல்லை" என்றாள் தெளிவாக.

டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

செயலாளர் நெஞ்சில் கை வைத்து முன்னால் வந்தார். "கேட்டீங்களா? ஒரு வரி கூட என்னோடது இல்லை, எல்லாம் அப்பாவோடதுன்னு சொல்லுது இந்தக் குழந்தை. இந்தப் பணிவைத்தான் நாம தேடிக்கிட்டு இருந்தோம்."

முதல்வர் எழுந்து வந்து, இப்படிப்பட்ட மாணவிக்குத் தன் கல்லூரியில் இடம் இல்லையென்றால் அந்தக் கல்லூரி எதற்கு என்று கேட்டார். கோப்பை மகளின் கையில் ஏறியது. படம் எடுத்தார்கள். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர் டாக்டரம்மா ஒருவர்தான், அதுவும் பாதி.

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். மூவரும் அங்கே வந்து நின்றார்கள். கண்ணாடிப் பெண் தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வந்து அதைக் கணவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கி, முழுசாகக் குடித்து முடித்தார்.

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நல்ல மனசு இந்தப் பெண்ணுக்கு. எல்லாம் பித்தலாட்டம் என்று முதல் அசைவிலேயே கண்டுபிடித்திருப்பாள், ஆனாலும் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று அத்தனை பேர் முன்னால் இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கிறாள். இனிமேல் இவளிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது?

"உனக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலைம்மா" என்றார். "அவர் பண்ணினது சைகை மொழியே இல்லைன்னு உனக்குப் பாத்த உடனே தெரிஞ்சிருக்கும். நீ காட்டிக் குடுக்கலை."

கணவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் சொன்னது வேற" என்றார் வாயைத் திறந்தே. "இந்தப் பரிசு வேண்டாம், கட்டுரையை எழுதினது இவ அம்மா, எனக்குப் பேச வரும். இதைத்தான் சொன்னேன். நீ ஏம்மா மாத்திச் சொன்னே?"

அவர் பேசியதைக் கேட்டு அந்தப் பெண் அதிர்ச்சி அடையவில்லை. போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, அடுக்கியிருந்த நாற்காலிகளில் சாய்ந்துகொண்டாள்.

"நீங்க சைகை மொழியில தப்புக் கண்டுபிடிச்சு என்னைக் காட்டிக் குடுத்துடுவீங்கன்னு நான் ரெண்டு நாளா சாப்பிடலை ஆன்ட்டி" என்றாள். "இவங்க நடத்தற எந்த விழாவுக்கும் அந்த மொழி தெரிஞ்சவங்க ஒருத்தரைக் கூடக் கூப்பிட மாட்டாங்க, அதனால இத்தனை நாள் தப்பிச்சேன். போன வருஷம் முதல் பரிசு எனக்குத்தான். எனக்குச் சைகை மொழி தெரியும்னு அந்தக் கட்டுரையில எழுதினது எங்கப்பா."